இரண்டு ஊர், இரண்டு நாஸ் பெட்டி: கிளிநொச்சி – வவுனியா டனல் போட்டு வேகத்தைப் பங்கிடுவது எப்படி

நான் வேலை செய்வது ஒரு நில அளவை அலுவலகத்தில். கிளிநொச்சியில் ஓர் இடம், ஏ9 வீதியில் சுமார் 75 கிலோமீட்டர் தெற்கே வவுனியாவில் இன்னோர் இடம். ஸ்கேன் செய்த காணிப் படங்கள், களக்குறிப்புகள், ட்ரோன் படங்கள் எல்லாம் கிளிநொச்சியில் ஒரே ஒரு நாஸ் பெட்டியில் (வலையமைப்பில் எல்லோரும் பகிரும் டிஸ்க் பெட்டி) கிடந்தன. இடம்பெயர்வில் உறுதியையும் படத்தையும் தொலைத்தவர்கள் இன்றைக்கும் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறார்கள். அவர்களுக்காகத் திரும்ப அளந்து வரைந்த படம் மறுபடியும் ஒரே இடத்தில் இருப்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

வவுனியாவில் இரண்டாவது பெட்டி வைத்து, இணைய இணைப்பின் மேல் டனல் (இரு ஊருக்கும் இடையே குறியாக்கம் செய்த தனிவழி) போட்டு, ஒவ்வொரு இரவும் நகல் போகச் செய்ய வேண்டும். ஒரு சனி ஞாயிறு போதும் என்று நினைத்து இறங்கினேன். மூன்று மாதம் பிடித்தது. அதில் முக்கால்வாசி தெரியாமல் வீணாக்கிய நாட்கள். இரண்டு கிளை உள்ள கூட்டுறவுச் சங்கம், மருந்தகம், அரிசி ஆலை, கணக்காளர் அலுவலகம் எதுவானாலும் இதே வழி பொருந்தும். இரு பக்கமும் ஃபைபர் இணைப்பு, ஒரு நாஸ், வெர்ஷன் 7 ஓடும் ஒரு மைக்ரோட்டிக் ரவுட்டர் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ரவுட்டர் வேறென்றாலும் ஒழுங்கு இதுதான்.

1. பெட்டி வாங்கும் முன் கடதாசி வேலையைத் தொடங்குங்கள்

எங்களுக்கு அதிக நாள் எடுத்தது இதுதான். நிறுவனப் பெயரில் ஃபைபர் இணைப்புக்கு எங்களிடம் கேட்டவை: வணிகப் பதிவுச் சான்றிதழின் பிரதி, உரிமையாளரின் தேசிய அடையாள அட்டைப் பிரதி, நிறுவனக் கடிதத்தாளில் கோரிக்கை, றப்பர் முத்திரை, முகவரியை உறுதிப்படுத்த மின்சாரப் பட்டியல் அல்லது வாடகை ஒப்பந்தம்.

கடைசிதான் பொறி. கட்டடம் வாடகைக் கட்டடம், மின்சாரப் பட்டியல் கட்டட உரிமையாளர் பெயரில், அவரோ வெளிநாட்டில். வன்னியில் பாதிக் கடைகளின் கதை இதுதான். அவருடைய சம்மதக் கடிதமும் அடையாள அட்டைப் பிரதியும் வந்து சேர மட்டும் எங்களுக்கு மூன்று கிழமை ஆனது. இன்றைக்கே ஒரு செய்தி அனுப்பி அதைக் கேட்டு வையுங்கள். வணிகப் பதிவில் உள்ள முகவரியும் இணைப்புக் கேட்கும் முகவரியும் ஒன்றா என்றும் பாருங்கள். கிளை முகவரி பதிவில் இல்லையென்றால் பிரதேச செயலகத்தில் அதைச் சேர்க்க ஒரு நடை போக வேண்டியிருக்கும்.

விண்ணப்பிக்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பதிவேற்ற வேகம் எவ்வளவு? விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பதிவிறக்க வேகம். நகல் அனுப்பும் பக்கத்துக்கு வேண்டியது பதிவேற்றம்.

மாத ஒதுக்கீட்டில் பதிவேற்றமும் கணக்கில் சேருமா? இரவுக்குத் தனி ஒதுக்கீடு உண்டா, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை?

ஸ்டாட்டிக் ஐபி (மாறாத பொது இணைய முகவரி) தருவார்களா, மாதம் எவ்வளவு?

கம்பத்திலிருந்து கட்டடம் வரை எத்தனை மீட்டர் வயர் இலவசம்? பிரதான வீதியிலிருந்து உள்ளே போகப் போக இந்தச் செலவு ஏறும்.

செலவை மூன்றாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். பெட்டிகள், டிஸ்க்குகள், ரவுட்டர்கள், இணைப்புக் கட்டணம் ஒருமுறைச் செலவு. பொதியும் ஸ்டாட்டிக் ஐபியும் மாதச் செலவு. மூன்றாவது யுபிஎஸ் மின்கலம். இங்குள்ள வெக்கையில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். நான் அதைத் திட்டத்தில் எழுதவில்லை, பிறகு காசு கேட்டுப் போய் நிற்க வேண்டியிருந்தது.

இரண்டு கிழமையில் இணைப்பு என்றார்கள், ஐந்தாவது கிழமையில்தான் ஆட்கள் வந்தார்கள். ஆகவே இணைப்பு வரும்வரை மற்றப் பொருட்களை வாங்காதீர்கள். உத்தரவாதக் காலம் பெட்டிக்குள்ளேயே ஓடி முடியும்.

2. ஒரு பக்கத்துக்காவது பொது ஐபி வேண்டும்

ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால், வழங்குநர் பலருக்கு ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுத் தருகிறார் என்று பொருள். வெளியிலிருந்து உங்களைத் தேடி எதுவும் வர முடியாது. இரு பக்கமும் அப்படியானால் டனல் நேரடியாக எழும்பாது. 4ஜி இணைப்புகளில் இது மிகச் சாதாரணம்.

இரு பக்கத்துக்கும் ஸ்டாட்டிக் ஐபி வாங்க வேண்டாம், ஒன்று போதும். நாங்கள் வவுனியாவுக்கு வாங்கினோம். கிளிநொச்சி ரவுட்டர் வவுனியாவைத் தேடிப் போகும். கிளிநொச்சி பக்கத்தில் கீப்அலைவ் நேரத்தை (இணைப்பை உயிரோடு வைக்கச் சிறு செய்தி அனுப்பும் இடைவெளி) 25 வினாடி என்று வையுங்கள். இல்லாவிட்டால் சற்று நேரம் எதுவும் அனுப்பாமல் இருந்தால் நடுவில் உள்ள முகவரி மாற்றி உங்கள் இணைப்பை மறந்துவிடும்.

3. வேகத்தை மூன்று நேரத்தில் அளங்கள், குறைந்ததை எடுங்கள்

காலை 6 மணி, முற்பகல் 11 மணி, இரவு 8 மணி. மூன்று நாள் அளந்து எழுதுங்கள். சராசரி பார்க்காதீர்கள், மிகக் குறைந்த பதிவேற்ற அளவை எடுங்கள். எங்களுக்கு அது 22 மெகாபிட். கீழே வரும் கணக்கெல்லாம் அந்த எண்ணில்தான் நிற்கிறது. உங்கள் எண்ணைப் போட்டுத் திரும்பக் கணக்கிடுங்கள்.

4. முதல் நகலை பஸ்ஸில் அனுப்புங்கள்

எங்களிடம் இருந்தது 2 டெராபைட். 20 மெகாபிட் வேகத்தில் ஒரு நொடிகூட நிற்காமல் அனுப்பினாலும் ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். பகலில் மற்ற வேலைக்கும் இடம் விட்டால் இரண்டு மூன்று கிழமை. மாத ஒதுக்கீடும் காலி. நான் இந்தக் கணக்கைப் போடாமல் தொடங்கி, ஆறாம் நாள் ஒதுக்கீடு முடிந்து, அலுவலகம் முழுவதும் மின்னஞ்சல்கூடத் திறக்க முடியாமல் இருந்தது.

சரியான வழி: வவுனியாப் பெட்டியை முதலில் கிளிநொச்சிக்கே கொண்டுவாருங்கள். இரண்டையும் ஒரே ஸ்விட்ச்சில் கொழுவி முழு நகலையும் எடுங்கள். ஒரு கிகாபிட் ஸ்விட்ச்சில் 2 டெராபைட் ஓர் இரவில் முடிந்துவிடும். சிறிய கோப்புகள் நிறைய இருந்தால் மறுநாளும் ஓடும். பிறகு பெட்டியை வவுனியாவுக்குக் கொண்டுபோங்கள். பஸ்ஸில் போவதானால் டிஸ்க்குகளைக் கழற்றி, எந்த டிஸ்க் எந்த இடம் என்று எண் ஒட்டி, மடியில் வைத்துக்கொண்டு போங்கள். சாமான் அறையில் போடாதீர்கள். மற்றவர்களின் காணி விபரம் அதில் இருக்கிறது. குறியாக்கம் செய்யாமல் வாசலைத் தாண்ட விடாதீர்கள்.

அதன் பிறகு டனலில் போவது அன்றன்று மாறியவை மட்டும். ஒரு ட்ரோன் நாளில் எங்களுக்கு மூன்றரை கிகாபைட் அளவு சேரும். 12 மெகாபிட் வேகத்தில் அது 40 நிமிட வேலை.

5. முகவரிகளைக் கடதாசியில் வரையுங்கள்

கடையில் வாங்கும் ரவுட்டர்கள் பெரும்பாலும் ஒரே உள் முகவரியோடு வரும். இரு ஊரிலும் 192.168.1 என்று இருந்தால் எந்த டனலும் வேலை செய்யாது. முதலில் ஒரு பக்கத்தை மாற்றுங்கள். அச்சுப்பொறியின் முகவரியும் மாறும் என்பதால் அதை வெள்ளி மாலை செய்யுங்கள்.

எங்கள் ஒழுங்கு இது. கிளிநொச்சியில் ஆட்களின் கணினிகளுக்கு 192.168.10, நாஸ் நகலுக்கு மட்டும் 192.168.11. வவுனியாவில் அதேபோல 192.168.20, 192.168.21. நாஸ் பெட்டியின் இரண்டு லான் துளைகளில் ஒன்று ஆட்களுக்கு, மற்றது நகலுக்கு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நாஸுக்கு இரண்டு முகவரி இருந்தாலும் வெளியே போகும் இயல்பு வழி (டிஃபோல்ட் கேட்வே) ஒன்றுதான். நகல் போக்குவரத்தும் அந்த வழியாகவே வெளியேறிவிடும். நாஸ் அமைப்பில் "மறுபக்கத்து 21 வலையமைப்புக்கு 11ஆம் வலையமைப்பின் வழியாகப் போ" என்று ஒரு நிலையான வழியை எழுதுங்கள். வவுனியாவிலும் அதன் மறுதலையை எழுத வேண்டும். நான் ஒரு பக்கம் மட்டும் எழுதிவிட்டு இரண்டு நாள் தலையை உடைத்தேன்.

6. ஒன்றல்ல, இரண்டு டனல்

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இந்தப் பகுதிதான். ஒரே டனலுக்குள் வவுனியாவில் இருப்பவர் படம் திறப்பதும் போகிறது, பெரிய நகலும் போகிறது என்றால், வெளியே இருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே குறியாக்கப்பட்ட ஓட்டம். எதற்கு வழிவிடுவது என்று ரவுட்டரின் வெளிவாசலில் பிரித்தறிய முடியாது.

பாக்கெட்டுக்கு (வலையமைப்பில் போகும் ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும்) டிஎஸ்சிபி என்ற முன்னுரிமை அடையாளம் வைத்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். குரலுக்கு 46, பின்னணி வேலைக்கு 8 என்று நானும் வைத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. காரணம் இரண்டு. நாங்கள் டனல் போடப் பயன்படுத்திய வயர்கார்டு முறை, உள்ளே இருக்கும் பாக்கெட்டின் டிஎஸ்சிபி அடையாளத்தை வெளி உறைக்கு எடுத்துப் போவதில்லை. எடுத்துப் போனாலும் சாதாரண இணைய இணைப்பில் நீங்கள் வைத்த அடையாளத்தை வழங்குநர் மதிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. முன்னுரிமை வகுப்புகளோடு தனி இணைப்பை ஒப்பந்தம் போட்டு வாங்கினால்தான் அது வேறு கதை, அதன் விலையும் வேறு.

பெரிய தரவு மையங்களில் ஃபைபர் சேனல் (டிஸ்க்குகளுக்கான தனி வலையமைப்பு முறை) சேமிப்பகத்தை ஐபி மேல் இணைக்கும் கருவிகளில் ஒரு நல்ல யோசனை உண்டு. புரோகேட் என்ற வகைக் கருவிகளில் உயர்வு, நடுத்தரம், தாழ்வு என்ற மூன்று முன்னுரிமைகளுக்கும் தனித்தனி டிசிபி இணைப்புகள். நெரிசல் வரும்போது 50, 30, 20 வீதம் என்ற இயல்புப் பங்கு. அந்தக் கருவிகள் நமக்கு எட்டாதவை, ஆனால் யோசனையை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே இரண்டு வயர்கார்டு டனல் போடுங்கள். ஆட்களுக்கு யுடிபி துளை எண் (போர்ட்) 51820, நகலுக்கு 51821. ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவிகள். முதல் டனலின் அனுமதித்த முகவரிப் பட்டியலில் மறுபக்கத்து ஆட்களின் வலையமைப்பும் டனல் முகவரியும் மட்டும், இரண்டாவதில் நகல் வலையமைப்பும் அதன் டனல் முகவரியும் மட்டும். இப்போது வெளிவாசலில் நின்று துளை எண்ணைப் பார்த்தாலே எது எது என்று ரவுட்டருக்குத் தெரியும். வவுனியா ரவுட்டரின் தீச்சுவரில் இந்த இரண்டு எண்களுக்கு மட்டும் வெளியிலிருந்து வழி திறவுங்கள். நாஸின் நிர்வாகப் பக்கத்தை ஒருபோதும் இணையத்துக்குத் திறக்காதீர்கள்.

இன்னொன்று. வவுனியாக் கணினியில் கிளிநொச்சி டிஸ்க்கை ஐஸ்கஸி முறையில் (தூரத்து டிஸ்க்கைச் சொந்த டிஸ்க்போலக் காட்டும் முறை) டனல் வழியாக நேரடியாகக் கொழுவ ஆசை வரும். வேண்டாம். ஒரே கட்டடத்துக்குள் அது நல்ல முறை. ஊர் விட்டு ஊர் என்றால், இணைப்பு ஓரிரு நிமிடம் அறுந்தாலே கணினி டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவெடுத்து, எழுதிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிடும். ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்துக் கோப்புகளின் நிலையைப் பிடித்து வைக்கும் பதிவு) எடுத்து மாற்றங்களை மட்டும் அனுப்பும் முறையே நமக்குப் பாதுகாப்பு.

7. சிறிய கோப்பு போகும், பெரிய கோப்பு உறையும்

இந்த நோயைக் கண்டால் எம்டியுவை, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை (பைட்டில்), பாருங்கள். டனல் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஓர் உறை போடுகிறது, உறைக்கும் இடம் வேண்டும். வெளியே 1500 என்றால் வயர்கார்டுக்கு 1420. பிபிபிஓஇ முறையில் (பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து) நுழையும் இணைப்பென்றால் வெளியே 1492, டனலுக்கு 1412. 4ஜி என்றால் 1360இல் தொடங்குங்கள். இரு பக்கமும் ஒரே எண்ணாக இருக்கட்டும். டிசிபி எம்எஸ்எஸ் அளவை (பாக்கெட்டுக்குள் தரவுக்கு மட்டும் உள்ள உச்ச இடம்) எம்டியுவில் 40 குறைத்து வையுங்கள், 1420க்கு 1380.

சோதனை: உடைக்கக் கூடாது என்ற குறியோடு 1392 பைட் பிங் (பதில் கேட்கும் சோதனைச் செய்தி) அனுப்புங்கள். தலைப்புக்கான 28 சேர்த்தால் 1420. பதில் வந்தால் சரி. நாஸில் ஜம்போ ஃப்ரேம் (1500ஐ விடப் பெரிய பாக்கெட்) போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

8. முன்னுரிமை: வரிசை உங்கள் வாசலில் நிற்க வேண்டும்

நகல் ஓடும்போது அலுவலகமே ஊர்கிறது என்றால் காரணம் இதுதான். உங்கள் ரவுட்டர் முழு வேகத்தில் தள்ளுகிறது, ஃபைபர் வந்து முடியும் வழங்குநரின் ஓஎன்டி பெட்டி அதை வாங்கித் தன் நீண்ட வரிசையில் நிறுத்துகிறது. அந்த வரிசையில் முந்தி வந்தவர் முந்திப் போவார், உங்கள் முன்னுரிமை அங்கே செல்லாது. அழைத்துக் கேட்டபோது, "அக்கா, லைனில பிழையொண்டும் இல்லை" என்றார் தொழில்நுட்பவியலாளர். அவர் சொன்னது உண்மை.

எனவே அளந்த வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவாக நீங்களே எல்லை போட வேண்டும். 22 மெகாபிட்டில் நான் 19 வைத்தேன். அந்தச் சிறு இழப்பால் வரிசை உங்கள் ரவுட்டருக்குள் வந்துவிடும். ரவுட்டருக்குள் நிற்கும் வரிசையில் உங்கள் சொல் செல்லும். 4ஜியில் வேகம் ஏறி இறங்குவதால் 60 முதல் 70 வீதத்துக்குமேல் வைக்காதீர்கள்.

மைக்ரோட்டிக்கில் வரிசை மரத்தை வெளிப்பக்க இடைமுகத்தில் வையுங்கள். தாய் வரிசைக்கு உச்ச எல்லை 19. அதன் கீழ் நான்கு பிள்ளைகள். மேசைத் தொலைபேசிக்கு உறுதி (நெரிசலிலும் கிடைக்கும் குறைந்தபட்ச வேகம், மெகாபிட்டில்) 2, முன்னுரிமை 1. ஆட்களின் டனலுக்கு உறுதி 8, முன்னுரிமை 3. மற்ற இணைய வேலைக்கு உறுதி 5, முன்னுரிமை 5. நகல் டனலுக்கு உறுதி 3, உச்சம் 17, முன்னுரிமை 8. இங்கே 1தான் மேலானது, 8 கடைசி. உறுதிகளின் கூட்டுத்தொகை தாயின் எல்லையைத் தாண்டக் கூடாது. தாய்க்கு எல்லை எழுத மறந்தால் முன்னுரிமை வேலை செய்யாது.

நகலுக்கு உறுதியே வேண்டாம், மிச்சத்தில் ஓடட்டும் என்று முதலில் விட்டேன். ஒரு கிழமை முழுக்க ஒரு நகலும் முடியவில்லை. சிறிய உறுதியாவது கொடுங்கள்.

வாட்ஸ்அப் அழைப்பைத் தனியாகப் பிரித்தெடுக்க மினக்கெடாதீர்கள். ஒவ்வொரு பிள்ளை வரிசைக்கும் எஃப்க்யூ கோடல் வகையை (ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முறை வைத்து இடம் தரும் வரிசை) தெரிவுசெய்யுங்கள். மெல்லிய ஓட்டங்கள் தாமாகவே முன்னுக்கு வரும்.

எல்லாம் எழுதியும் எண்ணிக்கை பூச்சியமாகவே நின்றால் தீச்சுவர் பட்டியலில் பாஸ்ட்ராக் விதி இருக்கிறதா பாருங்கள். தொழிற்சாலை அமைப்பிலேயே அது வரும். அதன் வழியே போகும் பாக்கெட்டுகள் உங்கள் அடையாளம் வைக்கும் விதிகளைத் தொடாமல் தாண்டிவிடும். அதை நிறுத்துங்கள். இதற்கு நான் கொடுத்தது நான்கு இரவு.

எல்லை போட முடிவது வெளியே போவதற்கு மட்டுமே. ஆகவே வவுனியா ரவுட்டரிலும் இதே வேலையைச் செய்ய வேண்டும். என்றோ ஒருநாள் அங்கிருந்து எல்லாவற்றையும் திருப்பி எடுக்கும்போது அது தேவைப்படும்.

9. மின்வெட்டும் மாரிகாலமும்

ஐப்பசி, கார்த்திகை மாத இடிமின்னலை இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஃபைபர் கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது, ஆனால் மின்சாரப் பக்கத்தால் அது வரும். நல்ல எர்த் போட்ட இணைப்பும் மின்னெழுச்சித் தடுப்பும் போட்டபிறகுதான் பெட்டிகளைக் கொழுவுங்கள். ஓஎன்டியையும் ரவுட்டரையும் தனியாக ஒரு 12 வோல்ட் மின்கலத்தில் விடுங்கள். 7 ஆம்பியர் மணி மின்கலம் அந்த இரண்டையும் இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். நாஸை யுஎஸ்பி வயர் உள்ள யுபிஎஸ்ஸில் கொழுவி, மின்கலம் இறங்கும்போது தானாக மூடிக்கொள்ளும்படி அமையுங்கள். வெளியே தொங்கும் ஃபைபர் வயரைக் குரங்கு இழுக்கும். குழாய்க்குள் விட்டு எடுங்கள்.

மின்வெட்டுக்குப் பின் வரும் ஒரு கோளாறை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு நீண்ட மின்வெட்டு முடிந்து எல்லாம் எழும்பியது, இணையம் வேலை செய்தது, டனல் மட்டும் எழும்பவில்லை. சாவிகளை மாற்றினேன், தீச்சுவரைத் திறந்து மூடினேன், பயனில்லை. பல மணி நேரம் கழித்துத் தானாக வந்தது.

காரணம் கடிகாரம். வயர்கார்டு கைகுலுக்கும்போது அனுப்புகிற நேரத்தையும் சேர்த்து அனுப்புகிறது. முன்பு கண்ட நேரத்தைவிடப் பழைய நேரத்தோடு வந்தால், யாரோ பழைய செய்தியைத் திரும்ப அனுப்புகிறார் என்று மறுபக்கம் தள்ளிவிடும். சிறிய ரவுட்டர்களில் கடிகார மின்கலம் இல்லை. மின்சாரம் போய் வந்தால் நேரம் பின்னால் போய்விடும். நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி சேவையகமாக நான் வைத்திருந்தது வவுனியா நாஸ், அதாவது டனலுக்கு அந்தப்பக்கம். டனல் எழும்ப நேரம் வேண்டும், நேரம் வர டனல் வேண்டும்.

என்டிபியை டனலுக்கு வெளியே, இணையத்தில் உள்ள பொதுச் சேவையகம் ஒன்றுக்கு மாற்றுங்கள். பெயரைத் தேடும் டிஎன்எஸ்ஸும் டனலை நம்பியிருக்கக் கூடாது.

10. நம்பும் முன் சோதியுங்கள்

நகலை முழு வேகத்தில் ஓடவிட்டு, வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குத் தொடர்ந்து பிங் அனுப்புங்கள். நகல் இல்லாத நேரத்து எண்ணோடு ஒப்பிடுங்கள். சில மில்லிவினாடி கூடினால் பரவாயில்லை, நூற்றுக்கணக்கில் கூடினால் எட்டாம் படிக்குத் திரும்பி எல்லையை இன்னும் இறக்குங்கள். பிறகு நகல் பாதியில் இருக்கும்போது ஃபைபரைக் கழற்றி, பத்து நிமிடம் கழித்துக் கொழுவுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அடுத்து இரு பக்கத்து ரவுட்டரையும் மின்சாரத்தை நிறுத்தி எழுப்புங்கள்.

கிளிநொச்சியில் ஒருவர் தவறுதலாக அழித்தது அன்றிரவே வவுனியாவிலும் அழிந்துவிடும். எனவே வவுனியாவில் குறைந்தது 30 நாள் ஸ்னாப்ஷாட் வைத்திருங்கள். அவற்றை அழிக்கும் கடவுச்சொல் கிளிநொச்சியில் எந்தக் கணினியிலும் இருக்கக் கூடாது. கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்கும் நச்சுநிரல் வந்தால் உங்களிடம் மிஞ்சுவது அந்த ஸ்னாப்ஷாட்டுகள்தான்.

நகல் நேரத்தை இரவு ஒதுக்கீடு தொடங்கி அரை மணி கழித்து வையுங்கள். தோல்வியடைந்தால் மட்டுமல்ல, வெற்றியடைந்தாலும் மின்னஞ்சல் வரும்படி அமையுங்கள். செய்தியே வராத காலையில்தான் ஏதோ பிழை என்று தெரியும்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை வவுனியாப் பெட்டியிலிருந்து பழைய படம் ஒன்றையும் நேற்றைய படம் ஒன்றையும் எடுத்துத் திறந்து பார்க்கிறோம். திறந்தவரின் பெயரும் திகதியும் ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிய தாளில் எழுதப்படும். அதே தாளில் இணைப்பு எண், ஸ்டாட்டிக் ஐபி, இரண்டு டனல் எண்கள், மின்கலம் மாற்றிய மாதம் எல்லாம் இருக்கின்றன. கடவுச்சொற்கள் அதில் இல்லை. அவை மூடிய உறையில், இரண்டு ஊரிலும் ஒவ்வொரு பிரதி.